பூவேலை செய்த பழைய ரிவால்வர் சேர்க்க ஆசையா? மதுரைப் பக்கத்துப் புதியவர்களுக்கு

பழைய நாணயம், தபால்தலை, கிராமபோன் என்று சேர்க்கிறவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அதில் சிலருக்கு ஒரு கட்டத்தில் பழைய ரிவால்வர் மேல் கண் போகும். உடம்பெல்லாம் கொடியும் இலையுமாகச் செதுக்கிய விக்டோரியா காலத்து ரிவால்வர் படம் ஒன்றைப் பார்த்துவிட்டால் அப்புறம் ஆசை விடாது. ஆசையில் தப்பில்லை, ஆனால் நாணயம் வாங்குகிற மாதிரி பணத்தை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குக் கிளம்பினால் கடைசியில் ஜாமீன் எடுக்க வக்கீல் தேடும் நிலைமைதான் வரும். நான் யாருக்கும் சொல்லும் வரிசை ஒன்றுதான்: முதலில் காகிதம், அப்புறம் கண், அதற்கப்புறம்தான் இரும்பு. நடுவில் இருப்பதற்கே ஒரு வருஷம் எடுத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை.

முதல் படி: சட்டத்தை முழுசாகப் படியுங்கள்

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, சுடக்கூடிய எந்தத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். அது 1860இல் லண்டனில் செய்ததா, போன வருஷம் கான்பூரில் செய்ததா என்று சட்டம் கேட்பதில்லை. "நூறு வருஷம் ஆயிருச்சுண்ணே, ஆன்ட்டிக்கு, லைசென்ஸ் எல்லாம் வேணாம்" என்று பழம்பொருள் கடைக்காரர் சர்வசாதாரணமாகச் சொல்வார். அவர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது, பாதியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்.

சட்டத்தின் 45ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். வழக்கொழிந்த மாதிரியோ, பழம்பொருள் மதிப்பு உள்ளதோ, பழுதானதோ என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒரு வால் உண்டு: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக அது இருக்க வேண்டும். ஸ்பிரிங் போய்விட்டது, ஹேமர் உடைந்துவிட்டது என்பதெல்லாம் நல்ல ஃபிட்டர் ஒருவர் ஒரு மத்தியானத்தில் சரிசெய்துவிடக்கூடிய சங்கதி. ஆகவே அது விலக்குக்குள் வராது. மருந்தும் குண்டும் முன்பக்கமாக அடைத்துச் சுடும் பழைய கேப் ரிவால்வரும் அப்படித்தான். தோட்டா போட முடியாது என்பதால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், நம் விவசாயிகள் வைத்திருக்கும் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கே லைசென்ஸ் வேண்டும்.

சரி, எது சுடும், எது சுடாது என்று யார் முடிவு செய்வது? யாராவது புகார் கொடுத்தால் ஸ்டேஷனில் சட்டப் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு விவாதம் நடக்காது. முதலில் பொருளைப் பறிமுதல் செய்வார்கள், அப்புறம் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து அறிக்கை வரும் வரை நீங்கள் அலைய வேண்டியதுதான். அதனால் சுடவே முடியாத பொருளாக இருந்தாலும் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே வக்கீல் மூலமாக உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக "பரவாயில்ல வச்சுக்கங்க" என்று யார் சொன்னாலும் அது நாளைக்கு உதவாது. லைசென்ஸ் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தாலே 2 முதல் 5 வருஷம் வரை சிறை. 2019இல் செய்த திருத்தத்துக்கு அப்புறம் வந்த கணக்கு இது.

அதே திருத்தத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3இலிருந்து 2ஆகக் குறைத்துவிட்டார்கள். லைசென்ஸ் காலம் 3 வருஷத்திலிருந்து 5 ஆனது மட்டும் கொஞ்சம் ஆறுதல். ஆக, அமெரிக்கப் படங்களில் பார்க்கிற மாதிரி சுவர் நிறைய ரிவால்வர் மாட்டி வைப்பது இங்கே நடக்காத காரியம். இதை இப்போதே மனசில் போட்டுக்கொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

இன்னொன்று, குழல் அளவு. பாயின்ட் 38, பாயின்ட் 455 தோட்டா போடும் ரிவால்வர்கள் தடைசெய்யப்பட்ட வகையில் வருகின்றன. இங்கிலாந்தின் வெப்லி கம்பெனி செய்த பழைய ராணுவ ரிவால்வர்கள் பெரும்பாலும் பாயின்ட் 455தான். அதற்குத் தண்டனையும் கூடுதல். தனி ஆள் லைசென்ஸில் வழக்கமாகப் பார்ப்பது பாயின்ட் 32. கடையில் யாராவது பழைய வெப்லியைத் துணி விலக்கிக் காட்டினால், தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இன்னொருவரின் லைசென்ஸ் உள்ள துப்பாக்கியை வாங்குவது சட்டப்படி முடியும், உங்களுக்கும் அந்த வகைக்கான லைசென்ஸ் இருந்தால். விற்கிறவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற வேண்டும். "இன்னைக்கே எடுத்துக்கங்க, இன்னொரு பார்ட்டி நாளைக்கு வர்றாப்ல" என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்கவே கூடாது என்பதற்கு வேறு காரணமே தேவையில்லை.

நூறு வருஷம் தாண்டிய பொருள் என்றால் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தொழிலாக விற்கிறவருக்குத் தனி உரிமம் வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்குப் பார்சல் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம், யானைத் தந்தக் கைப்பிடி. பூவேலை செய்த ரிவால்வர்களில் இது நிறைய வரும், பார்க்கவும் அம்சமாக இருக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்த வியாபாரம் முழுக்கத் தடை, எனவே துப்பாக்கிக்குக் காகிதம் சரியாக இருந்தாலும் கைப்பிடியால் மாட்டுவீர்கள். தந்தத்தின் வெட்டு முகத்தை லென்ஸில் பார்த்தால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வளைகோடுகள் தெரியும். எலும்பில் கறுப்புக் கறுப்பாகச் சின்னத் துளைகள் தெரியும், பிளாஸ்டிக்கில் ஒன்றும் இருக்காது.

இரண்டாம் படி: வீட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்

நம் பக்கத்தில் நல்ல பொருள் கடையிலிருந்து வருவதைவிடப் பரணிலிருந்து வருவதுதான் அதிகம். காரணம் இருக்கிறது. 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வந்தபின் சாதாரண இந்தியர் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்க முடியாது, வெள்ளைக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே அந்தக் காலத்து ரிவால்வர் என்றால் ஜமீன் வீடு, பெரிய உத்தியோகத்தில் இருந்த குடும்பம், பர்மாவில் கடை வைத்திருந்த செட்டியார் வீடு என்று சில இடங்களில்தான் இருக்க முடியும். சென்னையிலும் ரங்கூனிலும் கடை வைத்திருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தா மேன்டன், அதே ஊர் ரோடா, இப்படி விற்ற கடையின் பெயர் குழலின் மேலோ ஃபிரேமின் மேல்பட்டையிலோ பொறித்திருக்கும். அந்தப் பெயர் செய்தவர் பெயர் அல்ல, விற்றவர் பெயர். துப்பாக்கி பெரும்பாலும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்ததாக இருக்கும்.

தாத்தா பெயரில் லைசென்ஸ் இருந்து அவர் காலமாகிவிட்டார் என்றால், அந்த ரிவால்வரை வீட்டில் வைத்துக்கொண்டே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. தாமதமில்லாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அப்புறம் வாரிசு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம், 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளில் அதற்குத் தனியாகவே வழி இருக்கிறது. தாத்தா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் முடியும்: அவருக்கு 70 வயசு முடிந்திருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, எது முந்தியோ அது. இது நிறைய வீடுகளில் தெரியாது. கடைசி வரை தாத்தா பெயரிலேயே வைத்திருந்துவிட்டு, அவர் போன துக்கத்தோடு ஸ்டேஷனுக்கும் அலைவார்கள்.

லைசென்ஸே இல்லாத ஒன்று பழைய வீட்டை இடிக்கும்போது கிடைத்தால்? கையில் எடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், கிணற்றில் போடாதீர்கள். வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் எழுத்து மூலமாகத் தகவல் கொடுங்கள். உள்ளே மருந்து அடைத்தபடியே நூறு வருஷமாகக் கிடக்கும் பழைய ரிவால்வர்கள் உண்டு, கறுப்பு மருந்து நனையாமல் இருந்தால் வயசாகி வீணாகிவிடாது. பெட்டியில் ஒற்றைத் தோட்டா கிடந்தாலும் அதையும் அதே கடிதத்தில் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: கண்ணைப் பழக்குங்கள்

இதில்தான் உண்மையான சுகமே இருக்கிறது, காசும் அதிகம் ஆகாது. தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைக்குச் சாமான் விற்கும் இடத்தில் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டு நேராக மீனாட்சி கோயில் கிழக்குப் பக்கம் பாத்திரக் கடைகளுக்குப் போய், சீர்ப் பாத்திரத்தில் உளியும் சின்னச் சுத்தியலும் வைத்துப் பேர் வெட்டுகிற பெரியவர் யாராவது இன்னும் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இப்போது பெரும்பாலும் மிஷின்தான், ஆனாலும் கையால் வெட்டத் தெரிந்தவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். உளி உள்ளே இறங்குகிற இடத்தில் கோடு ஊசி முனையாக ஆரம்பிக்கும், நடுவில் அகலும், வெளியே வரும்போது ஒரு சின்னச் சிலும்பு எழும்பும். அந்தப் பள்ளத்தின் அடி கூர்மையாக இருக்கும், இரண்டு பக்கச் சரிவும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். ரிவால்வரில் கைவேலை என்றால் நீங்கள் தேட வேண்டியது இதே அடையாளங்களைத்தான்.

ஒரு தடவை கோல்ட் என்கிற அமெரிக்கக் கம்பெனியின் ரிவால்வர் ஒன்றின் சிலிண்டரை நெருக்கத்தில் எடுத்த போட்டோவை அப்படிப்பட்ட ஒருவரிடம் காட்டினேன். துப்பாக்கி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது உளி போட்டதில்ல தம்பி, அச்சு உருட்டுனது. கோடெல்லாம் ஒரே ஆழத்துல இருக்கு பாருங்க, கை அப்படி வராது" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

கோல்ட் கம்பெனியின் 1851 நேவி மாதிரியில் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி இருக்கும். டெக்சாஸ் கடற்படையும் மெக்சிகோ கப்பல்களும் 1843 மே 16 அன்று மோதிய சண்டை அது, தேதியே பொறித்திருக்கும். வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி என்கிற, பாங்க் நோட்டுக்குத் தகடு செதுக்கும் அமெரிக்கக் கலைஞர் உருக்கு அச்சில் ஒரே ஒரு தடவை வெட்டிக்கொடுத்தார். அந்த அச்சை வைத்து அழுத்தி உருட்டி, அமெரிக்காவில் செய்த இரண்டு லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளில் அதே படத்தை ஏற்றினார்கள். ஆக, சிலிண்டரில் கப்பல் படம் இருக்கிறது என்பதால் அது கைவேலை ஆகிவிடாது, தொழிற்சாலையிலிருந்து வந்த சாதாரணத் துப்பாக்கியிலும் அது இருக்கும். அதே கம்பெனியின் 1849 பாக்கெட் மாதிரியில் குதிரை வண்டியைக் கொள்ளையர்கள் மறிக்கும் காட்சி. கைவேலையைத் தேடினால் ஃபிரேம், குழலின் பக்கங்கள், கைப்பிடிப் பட்டை இங்கெல்லாம் பாருங்கள்.

அமிலத்தில் அரித்த வேலை இன்னொரு வகை. பள்ளத்தின் அடி தட்டையாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். லேசரில் போட்டது என்றால் லென்ஸில் கருகின புள்ளி புள்ளியாகத் தெரியும், அப்படி ஒன்றைப் பழையது என்று விற்க வந்தால் பேச்சே வேண்டாம். வார்ப்பிலேயே பூவேலை வந்திருந்தால் ஓரங்கள் மழுங்கி, பள்ளத்துக்குள் மணல் மணலாக இருக்கும்.

பாணியைப் பிரித்துப் பார்க்கப் பழகுவது அடுத்தது. இங்கிலீஷ் வேலை சின்னச் சின்னச் சுருள்களாக நெருக்கமாக ஓடும், தூரத்திலிருந்து பார்த்தால் செதுக்கியிருப்பதே தெரியாது, வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம் மட்டும்தான். அமெரிக்க வேலை பெரிய இலைச் சுருள், பின்னணியில் புள்ளி புள்ளியாகக் குத்தி இருட்டாக்கியிருப்பார்கள். ஆச்சரியம் என்னவென்றால் அந்த அமெரிக்க பாணியை உண்டாக்கினவர்கள் பலர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். குஸ்தாவ் யங் கோல்ட் கம்பெனிக்கு வேலை செய்தார், பிறகு ஸ்மித் அண்ட் வெசனுக்குப் போனார். நியூயார்க்கில் லூயிஸ் நிம்ஷ்கே இருந்தார். கூனோ ஹெல்ஃப்ரிக்ட் 1871 முதல் 1921 வரை ஐம்பது வருஷம் கோல்ட் கம்பெனியிலேயே செதுக்கினார். நிம்ஷ்கேயிடம் ஒரு நல்ல பழக்கம். வெட்டி முடித்த வேலையில் மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்து நோட்டில் ஒட்டி வைத்தார். அந்த ஒற்றுக் காகிதங்கள் தப்பித்து வந்ததால்தான் கையெழுத்தில்லாத பல துப்பாக்கிகளை இது அவர் வேலை என்று இன்றைக்கு அடையாளம் சொல்ல முடிகிறது. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்து வேலையும் ஏராளமாக உலகம் பூராவும் போனது. தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற முத்திரை இருந்தால் லியேஜில் சுட்டுச் சோதித்தது என்று அர்த்தம்.

நேரில் பார்க்க எங்கே போவது? ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் சேதுபதிகளின் ஆயுதங்கள் இருக்கின்றன, மதுரையிலிருந்து காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம். அங்கே கண் போகவேண்டியது வளரி, வாள் மேல்தான் என்றாலும் இரும்பில் நம்மவர்கள் செய்த வேலையைப் பார்ப்பதும் பயிற்சிதான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை இருக்கின்றன. ஹைதராபாத் போனால் சாலார் ஜங் மியூசியத்தின் ஆயுத கேலரியை விட்டுவிடாதீர்கள்.

இடையில் ஒன்று. நம் ஊரில் ரிவால்வர், பிஸ்டல் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட ஆயுதத்தை ரிவால்வர் என்றே பலர் எழுதுகிறார்கள். அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். சுற்றும் சிலிண்டர் இருந்தால்தான் ரிவால்வர். கடையில் இதை மாற்றிச் சொல்கிறவரிடம் மற்ற விஷயங்களையும் நம்ப வேண்டாம்.

நான்காம் படி: பொருளைச் சோதிப்பது

இதைச் சட்டப்படி வைத்திருக்கிறவர் வீட்டிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ, அவர் முன்னிலையில் மட்டும் செய்யுங்கள். குழலை ஆளில்லாத திசையில் வைத்து, எல்லா அறைகளும் காலியா என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். கேப் ரிவால்வர் என்றால் ஒவ்வொரு அறைக்குள்ளும் மெல்லிய மரக்குச்சியை விட்டு ஆழம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

அப்புறம் எண்கள். பழைய கோல்ட்டில் ஃபிரேம், குழல், விசைக் காப்பு, கைப்பிடிப் பட்டை என்று பல இடத்தில் ஒரே வரிசை எண் இருக்கும், ஒன்று மாறினாலும் வேறு துப்பாக்கியின் பாகம் சேர்ந்திருக்கிறது. சில சமயம் கம்பெனிப் பதிவேட்டிலிருந்தே கடிதம் வாங்க முடியும், அதில் செதுக்கு வேலையோடு அனுப்பியது என்று இருந்தால் அந்தக் காகிதமே பாதி விலை. வெப்லி என்றால் சிறகு முளைத்த தோட்டா முத்திரையைத் தேடுங்கள்.

ஏமாற்று எங்கே நடக்கிறது என்றால், பழைய சாதாரணத் துப்பாக்கியில் புதுசாகப் பூவேலை செய்வதில்தான். இதைப் பிடிக்கத் தேய்மானத்தைப் பாருங்கள். நூறு வருஷம் உறையில் போய்வந்த துப்பாக்கியில் குழல் முனையும் சிலிண்டர் ஓரமும் தேய்ந்திருக்கும். அந்த இடத்தில் பூவேலையும் கூடவே தேய்ந்திருக்க வேண்டும். எழுத்தும் முத்திரையும் பாதி தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி இருந்து, மேலே ஓடும் கொடி மட்டும் விரலைக் கிழிக்கிற கூர்மையில் இருந்தால் அது நேற்றைய வேலை. செதுக்கிய கோடு சோதனை முத்திரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனாலும் சந்தேகப்படுங்கள், ஒழுங்கான கலைஞர் முத்திரையைச் சுற்றித்தான் கொடியை ஓட விடுவார். கறுநீலப் பூச்சு பள்ளத்துக்குள்ளும் மேட்டிலும் ஒரே நிறத்தில் புத்தம் புதுசாக இருப்பதும் நல்ல சகுனம் இல்லை. பழைய பூச்சு பழுப்பாக, கத்தரிப்பூச் சாயலில் மாறியிருக்கும்.

அலங்காரத்துக்கென்றே செய்து பழையதாக்கி விற்கும் சாமான்களும் நிறைய வருகின்றன. ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் முடிந்தது கதை, அந்தக் காலத்து ஸ்க்ரூ ஒற்றைக் கோடுதான், அதுவும் மயிரிழைக் கோடு. வார்ப்பு மடிப்பு தெரிகிறதா, குழலுக்குள் முறுக்கு வரி இருக்கிறதா, எடை எப்படி என்று பாருங்கள். 1851 நேவி ஏறக்குறைய 1.2 கிலோ இருக்கும், துத்தநாக வார்ப்பு கையில் எடுத்ததுமே காட்டிக்கொடுத்துவிடும். இந்த அலங்காரச் சாமான் எந்த வகையிலும் சுடாது என்று உறுதியானால், அலங்கார விலைக்கே வாங்கி மாட்டி வைப்பதில் கேவலம் ஒன்றுமில்லை, பழையது என்று சொல்லிக் கொடுக்காமல் இருந்தால் சரி.

துப்பாக்கி வேண்டாம், அந்த உலகம் மட்டும் வேண்டும் என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது, புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். ரிவால்வர் வைத்திருந்த காலிப் பெட்டிகள், உள்ளே கடைக்காரர் ஒட்டிய லேபிளோடு. பழைய விலைப் பட்டியல்கள், எண்ணெய் டப்பாக்கள், வெடிமருந்துச் செம்பு, பழைய லைசென்ஸ் காகிதங்கள், தாத்தாக்கள் துப்பாக்கியோடு ஸ்டுடியோவில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோக்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பொறுமையாகத் துழாவினால் இப்படிப்பட்டவை அகப்படும். தோட்டா, குண்டு எதுவும் வேண்டாம், காலிக் கூடு என்றாலும் வக்கீலைக் கேட்காமல் தொடாதீர்கள். குண்டு செய்யும் அச்சு, துப்பாக்கியின் விசைப் பாகம் இவற்றுக்கும் அதே ஜாக்கிரதை.

ஐந்தாம் படி: பராமரிப்பு

இங்கே நம் வீட்டுப் பழக்கங்கள்தான் முதல் எதிரி. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் இருக்க மாட்டோம். ஈரச் சந்தனம் இரும்பில் காயும்போது அடியில் துரு பிடிக்கும், குங்குமத்தூள் செதுக்கிய பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டால் குச்சி வைத்து எடுக்கவே ஒரு நாள் ஆகும். பொட்டைப் பெட்டிக்கு வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. தேங்காய் எண்ணெய் தடவுவது அடுத்தது: கொஞ்ச நாளில் சிக்குப் பிடித்துப் பிசின் ஆகி, ஹேமரே நகராது. தையல் மிஷின் எண்ணெய் போதும், அதுவும் துணியில் தொட்டு மெல்லிசாகத் துடைத்தால் போதும். விளக்குத் துலக்குகிற மாதிரி புளி, விபூதி, பித்தளைப் பாலிஷ் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பூவேலையின் உயிர் அந்தக் கூர்மையான ஓரம்தான், ஒவ்வொரு தேய்ப்பிலும் அது கொஞ்சம் போகும், போனால் வராது. நிக்கல் பூச்சு உள்ளதற்கு அம்மோனியா கலந்த எதுவும் ஆகாது, அடியில் இருக்கும் செம்புப் பூச்சை அது கரைத்துப் பூச்சையே உரித்துவிடும்.

தோலுறையில் வைத்துப் பூட்டி வைப்பது பார்க்க ஜோராக இருந்தாலும், தோல் பதனிட்ட அமிலமும் அது இழுத்துக்கொள்ளும் ஈரமும் இரும்பைத் தின்னும். உறை தனி, துப்பாக்கி தனி. மேல் பூச்சுக்கு மியூசியங்களில் பயன்படுத்தும் ரினைசான்ஸ் வாக்ஸ் கிடைத்தால் நல்லது, பட்டாணி அளவு எடுத்தால் ஒரு ரிவால்வருக்குத் தாராளம். கைரேகையின் உப்பு நேராகத் துருவாக மாறும், அதனால் தொடும்போது நைட்ரைல் கையுறை.

மதுரை வெயிலுக்குத் துரு என்ன செய்யும் என்று கேட்பார்கள். சித்திரையில் ஒன்றும் செய்யாது. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் ஆட்டம். சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றை உள்ளே வையுங்கள், 40இலிருந்து 50 சதவீதம் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போனால் சிலிக்கா ஜெல் பை. நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். ராத்திரி மட்டும் ஏசி ஓடும் அறையில் வைக்காதீர்கள், அணைத்ததும் வெளிக்காற்று பட்டு இரும்பு வியர்க்கும். ரிப்பேர் எதுவானாலும் லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் மட்டும்தான், தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்தால் கொடுத்தவர், செய்தவர் இரண்டு பேருக்கும் கேஸ்.

ஆறாம் படி: காட்சிக்கு வைப்பது

சுடக்கூடியது எதையும் ஹாலில் கண்ணாடிப் பெட்டியில் வைக்காதீர்கள். அது இரும்புப் பெட்டிக்குள், தோட்டா வேறு பூட்டுக்குள். ஹாலில் வைக்க நல்ல போட்டோ போதும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வெளிச்சம் விழும்படி எடுத்த படத்தைப் பெரிசாக அச்சடித்து மாட்டினால், பூவேலை நேரில் தெரிவதைவிட நன்றாகத் தெரியும் என்பது என் கட்சி. எழுத்து மூலம் விலக்கு உறுதியான, சுடவே முடியாத பொருளையும் காலிப் பெட்டி வகையறாக்களையும் மட்டும் அலமாரியில் வையுங்கள், அதற்கும் பூட்டு வேண்டும்.

அலமாரிக்குத் தேக்கு ஃபிரேம் என்று ஆசாரி சொல்வார். ஃபிரேமுக்குச் சரி, ஆனால் உள்ளே பொருள் உட்காரும் இடத்தில் பச்சை மரமும் எம்.டி.எஃப் பலகையும் வேண்டாம், அவற்றிலிருந்து வரும் ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும், இரும்பையும் விடாது. அக்ரிலிக் தட்டு போடுங்கள். வெல்வெட், கம்பளித் துணி பார்க்க ராஜ கம்பீரமாக இருக்கும், ஆனால் கம்பளியின் கந்தகம் வெள்ளி வேலையைக் கறுக்க வைக்கும். கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி போதும். விசைக் காப்பில் ஆணி மாட்டித் தொங்கவிடாமல், குழலுக்கு ஒன்று கைப்பிடிக்கு ஒன்று என்று இரண்டு தாங்கி கொடுத்து, லேசாகப் பின்னால் சாய்த்து வையுங்கள். விளக்கு நேர் மேலே இருந்தால் பூவேலை தட்டையாகத் தெரியும், ஒரு பக்கத்திலிருந்து சரிவாக எல்இடி வெளிச்சம் விழட்டும். பின்னால் கண்ணாடி வைத்தால் மறுபக்கமும் தெரியும். சுவர் எந்தச் சுவர் என்பதும் முக்கியம்: மழைச்சாரல் அடிக்கும் வெளிச் சுவர், அடுப்படியை ஒட்டிய சுவர், சாம்பிராணி போடும் பூஜை அறைச் சுவர் மூன்றும் வேண்டாம்.

ஏழாம் படி: பதிவேடு

ஒரு நீள நோட்டு போட்டு, பொருள் ஒன்றுக்கு ஒரு பக்கம்: எங்கே, யாரிடம், எப்போது வாங்கியது, பில், கடிதங்களின் நகல், எல்லா முத்திரைகளின் நெருக்கமான போட்டோ, ஏற்கெனவே இருக்கும் கீறல்கள். லைசென்ஸ் உள்ளது என்றால் தனி அடையாள எண், புதுப்பிக்கும் தேதி.

கீறலை எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம் தேர்தல். தேதி அறிவித்து நடத்தை விதி வந்துவிட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்லி அழைப்பு வரும், முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஒப்படைத்த பழைய ரிவால்வர் திரும்பி வந்தபோது சிலிண்டரில் புதுசாக ஒரு நீளக் கீறல், மற்ற துப்பாக்கிகளோடு ஒரே சாக்கில் கிடந்திருக்கிறது. ஒப்படைக்கும் அன்றைக்கே மெழுகு பூசி, பருத்தித் துணியில் சுற்றி, ஸ்பாஞ்ச் போட்ட சின்னப் பெட்டியில் வைத்து, எண் எழுதிய அட்டையைக் கட்டி, அங்கேயே மேஜை மேல் வைத்து ரசீதோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு வாங்க மாட்டோம் என்பார்கள். "பெட்டி போனாலும் பரவாயில்லங்கய்யா, உள்ள உள்ளதுக்குத்தான்" என்று தன்மையாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் வாரிசு விவரம். லைசென்ஸ் எங்கே இருக்கிறது, நீங்கள் இல்லாதபோது எந்தப் பொருளை எங்கே ஒப்படைக்க வேண்டும், எதற்கு லைசென்ஸ் தேவையில்லை, அதற்கான கடிதம் எந்த ஃபைலில் என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதி, மகனோ மகளோ மருமகளோ ஒருவரை உட்காரவைத்து ஒரு தடவை வாசித்துக் காட்டிவிடுங்கள். இரும்புப் பெட்டிச் சாவியை மட்டும் நோட்டோடு சேர்த்து வைக்காதீர்கள்.